பூண்டு ரூமுக்கு எந்த ப்யூஸ்

நம் வயதுக்காரர்களிடம் இதைச் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. ப்யூஸ் கட்டை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கையடக்கமான வெள்ளைப் பீங்கான். பிடித்து இழுத்தால் டக்கென்று கழன்று வரும். உள்ளே கம்பி கருகிய வாசனை அடிக்கும். பழைய ஒயரில் ஓர் இழையை உரித்து, இரண்டு திருகாணிகளுக்கும் நடுவே கட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி மாட்டுவோம். விளக்கு எரிந்துவிட்டால் பிறந்த பிள்ளையைப் பார்த்த மாதிரி வீடே சத்தம் போடும். நம் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

போன மாதம் கொடைக்கானலில் என் வீட்டுக்குப் புதிதாக மின்சாரப் பெட்டி வைத்தோம். பன்னிரண்டு குட்டிச் சுவிட்சுகள், கண்ணாடி மூடி, எல்லாம் பார்க்க லட்சணமாக இருந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி ஒரு ஸ்டிக்கர் தாளையும் மார்க்கரையும் எடுத்துக்கொண்டு, "மேடம், நான் ஒவ்வொண்ணா ஆஃப் பண்றேன். எது அணையுதுன்னு நீங்க சொல்லுங்க, எழுதி ஒட்டிருவோம்" என்றார். நானும் அறை அறையாக நடந்தேன். மூன்றாவது சுவிட்சில் ஒரு படுக்கையறை அணைந்தது. "இது யார் ரூம் மேடம்? மகன் ரூம்னு போட்டுரவா?" என்று கேட்டார்.

"ஆள் பேரே எழுதாதீங்க தம்பி. கிழக்கு ரூம்னு எழுதுங்க."

சொன்ன வேகத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அவர் மார்க்கரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் முகவரி பார்த்த பழக்கம் என்று சிரித்து மழுப்பிவிட்டு, ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். உண்மைக் காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் மேல்மலைக்காரி. கொடைக்கானலிலிருந்து இன்னும் உள்ளே, பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஊர். அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, நான். வீட்டில் நாங்கள் நான்கு பேர். சித்தப்பாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. தாயில்லாப் பிள்ளை. அம்மா வாக்கப்பட்டு வந்தபோது அவர் அரைக்கால் சட்டை போட்ட பையன். அம்மா கையால் தின்று வளர்ந்தவர். "மதினி, மதினி" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுவார்.

எங்கள் வீட்டுக்கு கரண்ட் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சமையல்கட்டுக்குப் போகும் நடையில், ஒரு மரப்பலகையில் இரும்பு மெயின் சுவிட்சும், அதற்குக் கீழே வரிசையாக நான்கு ப்யூஸ் கட்டைகளும் இருந்தன. மாட்டிவிட்டுப் போன ஒயர்மேன், "எது எதுக்குன்னு எழுதி ஒட்டிக்கங்க" என்று சொல்லியிருந்தார். ஒரு வருடம் யாரும் எழுதவில்லை. நான் ஐந்தாம் வகுப்பில் இங்கிலீஷ் பெரிய எழுத்து முழுவதும் கற்றுக்கொண்ட பிறகு அப்பாவுக்கு அந்த ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டு அறைகளுக்குப் பெயர் கிடையாது. யார் படுக்கிறார்களோ அவர் பெயர்தான் அறைக்கு. அப்பா ஒவ்வொரு கட்டையாகப் பிடுங்கி, எது அணைகிறது என்று பார்த்துச் சொன்னார். நான் நோட்டு அட்டையில் பட்டை பட்டையாக எழுதிச் சோற்றுப் பசையில் ஒட்டினேன். சாமி படம் இருக்கும் முன்னறைக்கும் அதை ஒட்டிய சின்ன அறைக்கும் சேர்த்து SAMI. நாங்கள் மூவரும் படுக்கும் அறைக்கு APPA. சமையல்கட்டுக்கு AMMA. அடுப்புக்குப் பின்பக்கம், எப்போதும் கதகதப்பாக இருக்கும் அறைக்கு CHITHAPPA. என் வாழ்நாளில் அதற்குப் பிறகு எழுதிய எதையும் நான் அத்தனை ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

அப்பா அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். காட்டுவதற்கு ஒரு காரணமும் இருந்தது. எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் கொடைக்கானலில் ஹாஸ்டலில் சேர்க்க வேண்டும். பெண்பிள்ளையை யாரும் அனுப்பியதில்லை. அப்பாவுக்கு ஆசை, ஊர் வாய்க்கும் பயம். யாராவது, "பொட்டப்புள்ளய ஹாஸ்டல்ல விட்டுட்டு நிம்மதியாத் தூங்குவியாக்கும்?" என்று கேட்டால், நடைக்குக் கூட்டிப் போய் இந்தப் பலகையைக் காட்டுவார். "பாருங்க, இங்கிலீசுல எழுதியிருக்கா. இத எழுத ஒங்க வீட்ல ஆளு இருக்கா?" என்பார். அந்த நான்கு பட்டையைத் தவிர அவரிடம் வேறு வாதம் இல்லை. ஜூன் மாதம் சேர்ப்பதாக முடிவாகியிருந்தது.

மாசி கடைசியில் பூண்டு பிடுங்கினார்கள். பூண்டு வந்துவிட்டால் எங்கள் ஊரில் மனிதர்கள் விலகிக்கொள்ள வேண்டும். தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டி, மூங்கிலில் வரிசையாகத் தொங்கவிட்டு, அடுப்புப் புகை படும்படி வைத்தால்தான் கெடாமல் இருக்கும். அதற்கு வீட்டிலேயே நல்ல அறை எதுவோ அது பூண்டுக்கு. அதில் படுத்திருந்தவர் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். யாரும் இதைப் பேசி முடிவு செய்வதில்லை. அந்த வருடமும் சித்தப்பா கதகதப்பான அறையைப் பூண்டுக்கு விட்டுவிட்டு, முன்னறையை ஒட்டிய சின்ன அறைக்குத் தன் பெட்டியைத் தூக்கிப் போனார். வீடு முழுக்கப் பூண்டு வாசனை. சட்டையில், தலைமுடியில், குடிக்கிற தண்ணீரில்கூட. சித்தப்பாவின் புது அறைக்கு எல்லோரும் அன்றைக்கே 'சித்தப்பா ரூம்' என்று சொல்லத் தொடங்கினோம். நானும்தான். பலகையில் இருந்த பட்டை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நாலைந்து நாள் கழித்து, மத்தியானம். சித்தப்பா அறையில் பல்பு மாட்டும் ஹோல்டர் உடைந்து கிடந்தது. அவர் கொடைக்கானலிலிருந்து புதுசு வாங்கி வந்திருந்தார். நடைக்குப் போய், எழுத்துக் கூட்டி வாசித்து, CHITHAPPA கட்டையைப் பிடுங்கிப் பலகை மேல் வைத்தார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வாசித்துவிட்டுத்தான் செய்தார். உருளைக்கிழங்குப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஏறினார். ஒரு கையால் கூரை இரும்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஹோல்டரைத் திருகினார்.

நான் முன்னறையில் பூண்டுத் தாள் உதறிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. கத்தல் என்று சொல்ல முடியாது, தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஒரு சத்தம். அடுத்து பெட்டி உருண்டது. போய்ப் பார்த்தால் சித்தப்பா சுவரோரம் கிடந்தார். வலது மணிக்கட்டு இருக்க வேண்டிய பக்கம் இல்லை. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. செத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

தோட்டத்திலிருந்து அப்பா ஓடி வந்தார். சித்தப்பா கண்ணைத் திறந்ததும் முதலில் சொன்னது, "ப்யூஸப் பிடுங்கிட்டுத்தாண்ணே ஏறுனேன்."

அப்பா நடைக்குப் போனார். நான்கு கட்டையும் அதனதன் இடத்தில் மாட்டியிருந்தன.

"யாரு இதத் திரும்ப மாட்டுனது?"

அம்மா பூண்டு அறை வாசலில் நின்றிருந்தார். கையில் இன்னும் இரண்டு கொத்து இருந்தது. "நாந்தான்" என்றார். "பூண்டு ரூமு இருட்டா கெடந்துச்சுய்யா. கட்ட வெளிய இருந்துச்சு. அதான் எடுத்து மாட்டுனேன்."

இருட்டு என்றால் கட்டையை மாட்டிவிடுவதா, கேட்டுவிட்டுச் செய்ய வேண்டாமா என்று அப்பா கத்தினார். "எழுத்துத் தெரியாதவளுக்கு அங்க என்ன சோலி?" என்றார். சித்தப்பாவைக் காய்கறி லாரியில் படுக்கவைத்துக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா வாசலிலேயே உட்கார்ந்து, தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தானே கொல்லப் பார்த்துவிட்டோம் என்று அவரும் நம்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாதது.

மாவுக்கட்டோடு சித்தப்பா திரும்பி வந்தார். வந்ததும், "ஏம் மதினி, நான் ஏறி நிக்கிறது ஒங்களுக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். கோபத்தை விட அதில் அழுகைதான் அதிகம். அத்தோடு போயிருக்கும். ஆனால் நலம் விசாரிக்க அப்பாவின் அக்கா, என் அத்தை வந்தார். அத்தை எப்போதும் கொளுத்திப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறவர். "தம்பிக்குக் கல்யாணம் ஆனா நெலத்துல பாதி போயிரும்ல. அந்த ஏக்கம் யாருக்கு இருக்கோ" என்று, யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் சித்தப்பா சின்ன அறையிலேயே மூன்று கல்லைக் கூட்டினார். இடது கையால் தானே பொங்கினார். அரிசி பாதி வேகவில்லை, அறை முழுக்கப் புகை. அம்மா காலையும் மாலையும் தட்டில் சோறு போட்டு, இன்னொரு தட்டால் மூடி, அவர் வாசலில் வைத்துவிட்டு வருவார். கொஞ்ச நேரத்தில் தட்டு காலியாக இருக்கும். அந்த வருடம் எங்கள் வீட்டு நாய் நன்றாகக் கொழுத்தது.

அப்பா அம்மாவை அடிக்கவில்லை, அதிகம் பேசவும் இல்லை. "இனிமே அந்தப் பலகப் பக்கம் போகாத" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து அப்பாவும் சித்தப்பாவும் பூண்டு மூட்டையோடு வடுகபட்டிச் சந்தைக்குக் கிளம்பினார்கள். ஒரே லாரியில் இரண்டு பேரும் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து போனார்கள். லாரிச் சத்தம் தேய்ந்ததும் அம்மா என் பையைப் பிடுங்கி ஆணியில் மாட்டினார். "இன்னைக்குப் பள்ளிக்கூடம் வேணாம். எல்லா ரூம்லயும் லைட்டப் போடு."

போட்டேன். அம்மா பலகைக்கு முன்னால் நின்றார். இரண்டு வாரமாக அவர் எதையோ யோசித்துக்கொண்டே இருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நான் ஒண்ணொண்ணாப் பிடுங்குறேன். நீ வெரசா ஓடிப் பாத்து, எது அணைஞ்சிருக்குன்னு கத்து."

முதல் கட்டை. "முன்ரூமு! சித்தப்பா ரூமும் அணைஞ்சிருச்சு!" என்று கத்தினேன். ஒன்றும் உறைக்கவில்லை, ஓடுகிற குஷி. அம்மா மாட்டினார். இரண்டாவது எங்கள் அறை. மூன்றாவது சமையல்கட்டு. நான்காவது கட்டையைப் பிடுங்கினார்.

"பூண்டு ரூமு!"

"சித்தப்பா ரூமப் பாரு."

எரிந்துகொண்டிருந்தது. புது ஹோல்டரில், புது பல்பு. நான் அந்த வாசலில் நின்று அதைப் பார்த்தேன். பிறகு நடந்து வந்தேன், ஓடவில்லை. அம்மா கையில் கட்டை. காலியான இடத்துக்குக் கீழே என் எழுத்து, CHITHAPPA.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன்.

அம்மா கட்டையைத் திரும்ப மாட்டினார். "அப்ப நான் மாட்டுனதுக்கும் அவன் விழுந்ததுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார், தனக்குத்தானே. மறுபடியும் ஒருமுறை அதையே சொன்னார். அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. என் மேல் கோபம் என்று நினைத்து நானும் அழுதேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் இழுத்தார். "அப்பாட்டச் சொல்லிருவோம்மா" என்றேன். நிஜமாகவே சொன்னேன், அந்த ஒரு நாள்.

"சொல்லக் கூடாது" என்றார் அம்மா. "இந்த எழுத்தக் காட்டித்தான் ஒங்கப்பன் ஒன்னய அனுப்புறேன்னு நிக்கிறாரு. இதுதான் தம்பியக் கீழ தள்ளுச்சுன்னு தெரிஞ்சா அவருக்கே தைரியம் போயிரும். ஒங்கத்தை சும்மா விடுவாளா? ஜூன் வரைக்கும் வாயத் தொறக்காத. நீ போனப்பறம் நானே சொல்லிக்கிறேன்."

"எல்லாரும் ஒன்னயத்தானம்மா..."

"எனக்குத் தெரிஞ்சிருச்சுல்ல. போதும்."

சாக்குக்குக் குறி போடும் சிவப்பு மை ஒரு தகர டப்பாவில் இருந்தது. சந்தையில் மூட்டை மாறாமலிருக்க ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. எங்கள் வீட்டுக் குறியைப் போடுவது அம்மா வேலை. ஒரு பூண்டும், அதன் தாள் இடது பக்கம் வளைந்திருப்பதுமாக, இரண்டே இழுப்பில் போடுவார். அந்த மையைக் குச்சியில் தொட்டு, பலகையில் ஒவ்வொரு பட்டைக்கும் அடியில் ஒரு குறி வைத்தார். முன்பக்கத்துக்கு ஒரு வாசல். எங்கள் அறைக்கு ஒரு கட்டில். சமையல்கட்டுக்கு அடுப்புக்கல் மாதிரி மூன்று புள்ளி. CHITHAPPA என்ற பட்டைக்கு அடியில் பூண்டு. என் பட்டைகளை அவர் கிழிக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு மெயின் சுவிட்சுக்கும் பொட்டு வைக்கிற வீடு எங்களுடையது. அந்தச் சிவப்பைப் பார்த்த அப்பா ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார். அதன்பின் அவர் வெளியூரில் இருக்கும்போது ப்யூஸ் போனால் அம்மாவே கம்பி கட்டி மாட்டிவிடுவார். அப்பா திரும்பி வந்து, "கரண்ட் தானா வந்துருச்சா?" என்று கேட்பார். "வந்துருச்சு" என்பார் அம்மா.

ஜூனில் என்னைச் சேர்த்தார்கள். காலாண்டு விடுமுறைக்கு வந்ததும் முதல் கேள்வியாக, "சொல்லிட்டியாம்மா?" என்றேன். "நீ நல்லா மார்க் வாங்கு, சொல்லிக்கலாம்" என்றார். அடுத்து, பத்தாவது முடிக்கட்டும் என்றார். அப்புறம், வேலை கிடைக்கட்டும் என்றார். மூன்று வருடத்தில் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி, நடுவில் சுவர் வைத்து வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். எனக்கு வேலை கிடைத்து நான் மறுபடி கேட்டபோது, "இனிமே எதுக்கு, அவன் பாட்டுக்கு நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டார். அப்பா கடைசி வரை தெரியாமலே போனார். அம்மா போனபோது சித்தப்பா வந்தார், தூக்கினார், செய்ய வேண்டியதைச் செய்தார். வீட்டுக்குள் தண்ணீர் குடிக்கவில்லை. நான் அன்றே சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் எத்தனையோ பொங்கலுக்குப் போனேன். அம்மா சொல்லக் கூடாது என்றார் என்பதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன். உள்ளபடி சொன்னால் பயம். மேல்மலையிலிருந்து படித்து வந்த முதல் பெண் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க யாரையும் விட மனம் வரவில்லை.

எலக்ட்ரீஷியன் தம்பி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போன மறுநாள், வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனேன்.

சித்தப்பாவுக்கு எண்பது ஆகிறது. வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். "வா ஆத்தா, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்க" என்றார். காபி வந்தது, குடித்தேன். பிரித்த வீட்டில் எங்கள் பாதியில் இப்போது அவர் மகன்கள் பூண்டு தொங்கவிடுகிறார்கள். சாவியை வாங்கி, அவரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடைக்குப் போனேன். கரண்டெல்லாம் வெளிச்சுவரில் புதுப் பெட்டிக்கு மாறிவிட்டது. பழைய பலகையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. என் பட்டைகளில் இரண்டு உதிர்ந்துவிட்டன. CHITHAPPA அப்படியே இருந்தது, புகை ஏறிப் பழுப்பாக.

போனில் இருந்த டார்ச்சை அடித்தேன். அவர் கோணலாகக் கூடிய கையை நீட்டி, பட்டைக்கு அடியில் இருந்த சிவப்பைத் தொட்டார்.

"இது சாக்குல போடுற குறியில்ல? மதினி கை."

"ஆமா சித்தப்பா. இந்தக் கட்டை பூண்டு ரூமுக்கு. ஒங்க புது ரூமுக்கு இல்ல. நான் எழுதுனத யாரும் மாத்தல. நீங்க பிடுங்குனது தப்பான கட்டை. அம்மா மாட்டுனதால ஒங்களுக்கு ஒண்ணும் ஆகல."

அவர் என்னைப் பார்த்தார். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வாரத்துலயே தெரியும். அம்மாவுக்கும் தெரியும். நான் பள்ளிக்கூடம் போகணும்னு சொல்லல."

"அதுக்கப்பறம்?"

டார்ச்சை அணைத்தேன்.

"தட்டுல மூடி வச்சிட்டுப் போவாங்க" என்றார். "நான் நாய்க்குப் போட்டேன் ஆத்தா. அவங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே போட்டேன். அத எடுத்துச் சொல்ல ஒனக்கு இத்தன வருசமா?"

என் கையை உதறிவிட்டுப் பூண்டு அறை வாசல் வரை தானாகவே நடந்தார். உள்ளே கொத்துக்கள் தொங்கின. இருட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பேசியபோது அது என்னிடம் பேசிய மாதிரி இல்லை.

"பூண்டு ரூமு இருட்டா கெடந்துச்சுன்னாங்களே. அன்னைக்கே சொன்னாங்களே. நான் என் ரூமு கட்டையப் பிடுங்குனா, இந்த ரூமு எதுக்கு இருட்டாகணும்? அத்தன பேரு நின்னமே. ஒருத்தன் கேக்கலயே."